கோத்தகிரி மனை: வரைபடத்தில் மஞ்சள் என்றால் வாங்கலாமா?

மேட்டுநிலம் எழுதியது, செவ்வாய் இரவு 9:14

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் எட்டு சென்ட் மனை பார்த்திருக்கிறோம். மாமனார் ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்கிறார். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவு. மேலே சோலை, கீழே ஒரு சின்ன ஓடை. வயநாட்டு நிலச்சரிவுச் செய்திகளைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். தரகரைக் கேட்டால், "கவர்மென்ட் மேப்லயே மஞ்சள்தான் சார் போட்டிருக்கு, சிவப்பு இல்ல, தாராளமா வாங்குங்க" என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்.

நானே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தைத் திறந்து நிலச்சரிவு லேயரைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று நிறம். எங்கள் மனை மஞ்சளில்தான் இருக்கிறது. ஆனால் இருநூறு மீட்டர் மேலே போனால் சிவப்பு. அப்புறம் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்க வரைபடத்தையும் பார்த்தேன். நீலகிரி பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. இதை வைத்து முடிவெடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையபாறை எழுதியது, செவ்வாய் இரவு 10:40

தம்பி, பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது. முப்பது ஆண்டுக்கு மேல் மண்ணையும் பாறையையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த மஞ்சள் உங்களுக்கு "வாங்கு" என்றும் சொல்லவில்லை, "வாங்காதே" என்றும் சொல்லவில்லை.

நீங்கள் பார்த்தது தேசிய நிலச்சரிவு ஏதுநிலை வரைபடம். 1:50,000 அளவில் செய்தது. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐம்பது மீட்டர். உங்கள் எட்டு சென்ட் ஏறக்குறைய பதினெட்டு மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர். அந்த வரைபடத்தில் பேனா முனை அளவுகூட வராது. மாவட்ட நிர்வாகம் எந்தப் பக்கம் சாலை போடலாம், எந்தப் பக்கத்தை முதலில் ஆய்வு செய்யலாம் என்று திட்டமிடச் செய்த படம் அது. ஒரு மனைக்குத் தீர்ப்பு சொல்வதற்காகச் செய்யவில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். சரிவின் கோணம், பாறை வகை, மேல்மண் ஆழம், நிலப் பயன்பாடு, முன்பு சரிந்த இடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, "இங்கே மண் சரிய ஆரம்பிக்க எவ்வளவு வாய்ப்பு" என்றுதான் இந்த வகைப் படம் கணக்கிடுகிறது. ஆரம்பிக்கும் இடம்! சரிந்த மண் எங்கே ஓடிப் போய் நிற்கும் என்பது வேறு கணக்கு.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியத் தொலையுணர்வு மையம் மறுநாளே செயற்கைக்கோள் படங்களை எடுத்து வரைந்து காட்டியது. சரிவின் தலைப்பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில். பெயர்ந்த பரப்பு ஏறக்குறைய 86,000 சதுர மீட்டர். அங்கிருந்து மண்ணும் பாறையும் மரமும் ஆற்று வழியே எட்டு கிலோமீட்டர் அளவுக்கு ஓடியிருக்கின்றன. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குடியிருந்தது செங்குத்தான சரிவில் இல்லை. ஆற்றோரத்தில், ஓரளவு சமமான நிலத்தில். உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை அடித்துச் செல்லப்பட்டன. அதே தலைப்பகுதியில் முன்பே ஒரு சரிவு நடந்திருந்ததும், 2023-இல் வெளியான இந்திய நிலச்சரிவு அட்லஸில் அது பதிவாகியிருந்ததும் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால் உங்கள் மனையின் நிறத்தைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். மேலே இருக்கிற அந்தச் சிவப்பு சரிந்தால் எந்த வழியாக இறங்கும் என்று பாருங்கள். கீழே ஓடை என்கிறீர்கள். அந்த ஓடை மேலே எங்கிருந்து வருகிறது?

---

மேட்டுநிலம் எழுதியது, புதன் காலை 7:02

ரொம்ப நன்றி ஐயா. ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. ஓடை மனையின் வலது ஓரத்தை ஒட்டி மேலிருந்து இறங்குகிறது. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் என்றார்கள். இன்னும் ஜூம் செய்தால் துல்லியமாகத் தெரியாதா? தளம் நன்றாகவே ஜூம் ஆகிறது.

---

அடுக்குவரைவி எழுதியது, புதன் காலை 8:25

அண்ணா, ஜூம் செய்தால் நிறக்கட்டம் பெரிதாகும், தகவல் கூடாது. பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் படம் அரை மீட்டர் துல்லியத்தில் இருப்பதால், மேலே போர்த்திய லேயரும் அதே துல்லியத்தில் இருப்பதுபோல் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. இணைய வரைபடங்களில் ஆட்கள் மோசம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு முப்பது மீட்டர் கட்டம். முப்பதுக்கு முப்பது மீட்டருக்கு ஒரே ஒரு உயர எண். வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்து ஆறு மீட்டர் செங்குத்தாக வெட்டியிருந்தால் அது அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். நீலகிரியில் மழைக்காலத்தில் சரிபவற்றில் நிறைய இப்படி வீட்டுக்கும் சாலைக்கும் வெட்டிய இடங்கள்தான். ஆக, உங்களுக்கு ரொம்ப ஆபத்தான விஷயம் எந்த லேயரிலும் இருக்காது.

சரி, அப்படியானால் இந்தத் தளங்களால் பயனே இல்லையா? இருக்கிறது. நான் செய்வது இது. பூகோஷில் ஏதுநிலை லேயரோடு நிறுத்தாமல், ஏற்கெனவே சரிந்த இடங்களின் பட்டியல் லேயரையும் போடுங்கள். இரண்டையும் பாதி ஒளிபுகும்படி வைத்துக்கொண்டு ஓடைகளைத் தொடர்ந்து மேலே போங்கள். பிறகு கணினியில் கூகுள் எர்த் புரோ திறந்து, பழைய படங்களைக் காட்டும் காலக் கோட்டை மெல்ல நகர்த்துங்கள். மழைக்காலத்துக்கு அடுத்த படங்களில் தேயிலைப் பச்சைக்கு நடுவே செம்மண் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிரு ஆண்டில் செடி முளைத்து மூடிவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டையும் விடாமல் பார்க்க வேண்டும். மேல் சரிவில் புதுச் சாலையோ, மனைப்பிரிவோ, ரிசார்ட்டோ எப்போது வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

2009 நவம்பரை மறக்க வேண்டாம். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை. அந்தச் சில நாட்களில் குன்னூர், கேத்தி, அச்சனக்கல் என்று நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

---

பதுளைப்பிள்ளை எழுதியது, புதன் மதியம் 1:50

நான் இலங்கை, ஊவா மாகாணம். உங்கட கதையை வாசிக்க வாசிக்க எங்கட மீரியபெத்தைதான் கண்முன் வருகுது.

கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மலை பெயர்ந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகளை அப்படியே மூடிவிட்டது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் ஒத்த கணக்கு இல்லை. பல உடல்களை எடுக்கவே முடியவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அங்கே வரைபடம் இல்லாமல் போகவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு அபாய வலய வரைபடம் செய்திருந்தது. 2005-லும் 2011-லும் அந்த இடத்தில் ஆட்கள் இருக்கக் கூடாது என்று எச்சரிக்கையும் கொடுத்தது. ஆனால் லயனில் இருக்கிறவருக்கு நிலம் சொந்தம் இல்லை. "போ" என்றால் எங்கே போவது? மாற்று நிலம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. வரைபடம் அலுவலகத்தில் இருந்தது, சனம் மலைக்குக் கீழே இருந்தது.

இப்போது அந்த வரைபடங்களை இணையத்தில் பார்க்கலாம். மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்டவும் அந்த நிறுவனத்தின் பரிந்துரை கேட்கிறார்கள். அது நல்ல மாற்றம். உங்களுக்கு வாங்காமல் விடுகிற வசதியாவது இருக்கு அண்ணன். அதை விட்டுடாதீங்கோ.

---

சேலம்_சிவில் எழுதியது, புதன் மாலை 6:11

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். இப்படிப் பார்த்தால் நீலகிரியில் ஒருவரும் வீடு கட்ட முடியாது. அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று வைத்ததால், நல்ல இடத்துக்கும் விலை விழுகிறது, வங்கிக்காரர் கடன் கொடுக்கத் தயங்குகிறார். சரிவில் கட்டுவதற்குப் பொறியியல் இருக்கிறது. ஒழுங்கான தடுப்புச் சுவர், சுவரில் நீர் கசியத் துளைகள், மேலே மழைநீர் வாய்க்கால், படிப்படியாக வெட்டிய தளம். இவை இருந்தால் போதும். நான் ஏற்காட்டில் கட்டிய சுவர்கள் அப்படியே நிற்கின்றன.

---

பழையபாறை எழுதியது, புதன் இரவு 9:30

சேலம் தம்பி சொல்வதில் பாதியை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மலையில் விழும் சுவர்களில் பல, துளை விடாமல் கட்டியவை. பின்னால் மண் ஊறும், தண்ணீர் போக வழியில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒரு ராத்திரியில் சுவர் வயிறு தள்ளி விழும். ஐம்பது ரூபாய் பிவிசி குழாய்த் துண்டுகளை மிச்சம் பிடித்து லட்ச ரூபாய் சுவரை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சுவர் உங்கள் மனைக்குள் நடப்பதைத்தான் தாங்கும். மேலே முந்நூறு மீட்டரில் கிளம்பி ஓடை வழியாக வருவதை எந்த வீட்டுச் சுவரும் தாங்காது. நான் கேட்டது அந்த ஓடையைப் பற்றி.

விலை விழுகிறது என்பதற்காக வரைபடத்தை மூடி வைக்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. பதுளைத் தம்பி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். தெரிந்தவர்களிடம் மட்டும் தகவல் இருந்தால் யார் சாகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. நீலகிரிக்கு இன்னொரு வசதியும் உண்டு. டார்ஜிலிங், காலிம்போங்கோடு சேர்த்து, மழைக்காலத்தில் தினசரி நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் முதலில் தொடங்கிய இடம் இது. 2024-இல் கொல்கத்தாவில் அதற்கென்று தேசிய மையமே திறந்தார்கள். பூஸ்கலன் என்ற செயலியும் வந்தது. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு உதவுவது இதுதான்.

---

நாகை_டீச்சர் எழுதியது, வியாழன் காலை 6:48

மேட்டுநிலம் சார் கடைசியில் கேட்ட நிலநடுக்க வரைபடத்தை யாரும் தொடவில்லை. நான் பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் காட்டுகிறேன்.

அந்தத் தளத்தைத் திறந்ததும் வருவது கடந்த ஒரு நாளில் நடந்த, 2.5-க்கு மேற்பட்ட நடுக்கங்கள் மட்டும். அமெரிக்காவில் சின்னச் சின்ன நடுக்கமும் பதிவாகும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் 4.5-க்கு மேற்பட்டவைதான் வரும். அதனால் கலிபோர்னியா முழுக்கப் புள்ளி, நம் பக்கம் வெறுமை. நீலகிரியில் புள்ளி இல்லாததற்கு முதல் காரணம் இதுதான். நம் நாட்டின் தேசிய நில அதிர்வு மையத்தின் பக்கத்தில் பார்த்தால் சிறியவையும் கிடைக்கும். காலத்தையும் நீட்ட வேண்டும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் 6 அளவுக்கு ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்ததை, சென்னையில் அடுக்குமாடியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரைபடத்தில் "ஆழம் 10 கி.மீ." என்று நிறைய இடத்தில் ஒரே எண் இருப்பதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஆழத்தைத் தெளிவாகக் கணக்கிட முடியாதபோது வைக்கும் நிலையான எண் அது.

பழையபாறை ஐயா சொன்ன "ஆரம்பிக்கும் இடம், போய்ச் சேரும் இடம்" கடலுக்கும் அப்படியே பொருந்தும். 2004 டிசம்பர் 26-ஐத் தேடினால் வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரே ஒரு பெரிய வட்டம். நாகப்பட்டினத்திலிருந்து சுமார் 2,000 கி.மீ. "அவ்வளவு தூரத்தில் நடந்ததற்கா எங்க தெருவில் இத்தனை பேர் போனாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர் அளவில். அந்த வட்டம் பிளவு தொடங்கிய இடம் மட்டும்தான் என்று சொன்னேன். அங்கிருந்து வடக்கே நிகோபார், அந்தமான் வரை 1,200 கி.மீ.க்கு மேல் கடல்தரை கிழிந்தது. நமக்கு வந்த அலை, நமக்கு நேர் கிழக்கே இருந்த அந்த வடபகுதியிலிருந்து புறப்பட்டது. காலை 6:28-க்கு நடுக்கம், ஒன்பது மணியை ஒட்டி அலை. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

2012 ஏப்ரல் 11-க்கும் அதே பக்கத்தில் 8.6 என்று பெரிய வட்டம் இருக்கும். அன்று எச்சரிக்கை வந்து எல்லோரும் ஓடினோம், பெரிய அலை வரவில்லை. கடல்தரை மேலும் கீழுமாக எழாமல் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் அவ்வளவாகத் தள்ளப்படவில்லை. வட்டத்தின் அளவு இதைக் காட்டாது. அதனால் நான் கூடவே அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா வைத்திருக்கும் இயற்கைப் பேரிடர் வரைபடத்தைத் திறப்பேன். அதில் ஒரு சுனாமியைத் தொட்டால், அலை எந்தெந்த ஊரில் எவ்வளவு உயரம் எழுந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று தனித்தனிப் புள்ளிகள் விரியும். 1881 டிசம்பர் 31 கார் நிகோபார் நடுக்கத்தின் அலை நம் கரையில் அப்போதே கடல்மட்டத்தை அளக்கும் அலைமானிகளில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தது அதைத்தான்.

---

அடுக்குவரைவி எழுதியது, வியாழன் காலை 9:05

டீச்சர், அருமை. புள்ளி இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை என்பதற்கு இன்னொன்று. நாசாவின் உலக நிலச்சரிவுப் பட்டியல் 2007-இலிருந்து பெரும்பாலும் செய்திகளைத் திரட்டிச் செய்தது. செய்தியாளர் போகாத மலை அதில் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் "இடம் எத்தனை கி.மீ. துல்லியம்" என்று எழுதியிருப்பார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எல்லாத் தளத்திலும் இது இருக்க வேண்டும்.

---

ஹிரோஷிமா_தமிழன் எழுதியது, வியாழன் மாலை 4:37

இங்கே ஜப்பானில் அரசின் வரைபடத் தளம் ஒன்றில் வெள்ளம், மண்சரிவு, சுனாமி, புயலில் கடல் பொங்கி உள்ளே வருவது எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, முகவரியைத் தட்டினால் உங்கள் வீட்டுக்கு எது வரும் என்று பார்க்கலாம். மண்சரிவுக்கு அவர்கள் நிறம் தீட்டுவது சரியும் சரிவை மட்டும் இல்லை. சரிந்து வரும் மண் எட்டக்கூடிய குடியிருப்பையும் சேர்த்துத்தான். பழையபாறை ஐயா கேட்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

2018 ஜூலை மழையில் குராஷிகி நகரத்தின் மாபி பகுதியில் வெள்ளம் சூழ்ந்த பரப்பு, முன்பே வெளியிட்ட வரைபடத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். இந்த ஹிரோஷிமா மாவட்டத்திலேயே சாகா என்ற ஊரில், 1907-இல் வந்த பெருவெள்ளத்தைச் சொல்லும் கல் ஒன்று நின்றுகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் 2018-இலும் மண்ணும் நீரும் வந்து ஆட்களைக் கொண்டுபோயின. அதற்கடுத்த ஆண்டு இப்படிப்பட்ட பேரிடர் நினைவுக்கற்களுக்கென்றே தனிக் குறியீடு போட்டு, தேசிய வரைபடத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள். புள்ளியைத் தொட்டால் கல்லின் படமும் என்ன நடந்தது என்பதும் வரும்.

---

மேட்டுநிலம் எழுதியது, ஞாயிறு மாலை 5:20

நேற்று நேரில் போய் வந்தோம். தரகர் இல்லாமல் போனோம். மனையின் சர்வே எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் கையில் எடுத்துப் போனேன். ஓடைப் புறம்போக்கு மனையின் வலது எல்லையைத் தொட்டுக்கொண்டு போகிறது, இடம் விற்பவர் காட்டிய வேலிக்குள்ளேயே. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவிடம் என் மனைவி பேசினாள். அவர் ஓடையில் கிடந்த பெரிய உருண்டைக் கற்களைக் காட்டி, "இதெல்லாம் இங்க பொறந்த கல்லு இல்ல கண்ணு, அந்த மழையில மேல இருந்து வந்தது" என்றார். எந்த மழை என்று கேட்டால், கேத்தி மழை வந்த வருசம் என்றார். கூகுள் எர்த்தில் 2010 படத்தில் ஓடையின் மேல்முனையில் ஒரு வெளிர்க் கீறல் தெரிகிறது. பூகோஷ் பட்டியலில் அந்த இடத்தில் புள்ளி இல்லை.

மாமனாரிடம் எல்லாவற்றையும் மேசையில் விரித்துக் காட்டினேன். முன்பணம் கொடுக்கவில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வாங்க வேண்டிய கிராமங்களின் பட்டியலில் இந்த ஊர் வருகிறதா என்றும் விசாரிக்கிறேன்.

---

பழையபாறை எழுதியது, ஞாயிறு இரவு 8:15

அந்த அம்மா சொன்ன கல் போதும் தம்பி. வேறு மனை பாருங்கள். ஓடை வாயை விட்டு, இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருக்கும் முதுகுப் பகுதியில் தேடுங்கள். சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து நிற்கின்றனவா, பக்கத்து வீட்டுச் சுவர்களில் சாய்ந்த விரிசல் இருக்கிறதா, மழை விட்ட பிறகும் புது ஊற்று கசிகிறதா, இவற்றைப் பாருங்கள். பிறகு ஒரு மண்ணியல் ஆளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்த 2009 கீறலை ஆயங்களோடு (அட்சரேகை, தீர்க்கரேகை) இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு எழுதி அனுப்புங்கள். பட்டியல் வளர வேண்டும்.

---

நாகை_டீச்சர் எழுதியது, திங்கள் காலை 7:10

அந்தப் பாட்டியம்மா மாதிரி ஆட்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஹிரோஷிமா தம்பி சொன்ன கல் குறியீட்டைப் படித்ததிலிருந்து ஒரே யோசனை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் 2004-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பிள்ளைகளை வைத்துக் குறிக்கலாமா? அடுக்குவரைவி தம்பி, எப்படி ஆரம்பிப்பது?

---

அடுக்குவரைவி எழுதியது, திங்கள் காலை 10:32

கட்டாயம் செய்யலாம் டீச்சர். 2015 சென்னை வெள்ளத்தின்போது, தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே, யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில் போட்ட ஒரு வரைபடத்தில் தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். அதே வழிதான்.

இரண்டு அளவுகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் கரையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, அந்தக் கடைசி இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். வீட்டுச் சுவரில் நின்ற நீர்மட்டம் மூன்றாவது. இவற்றைக் கலந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. பிறகு சுவருக்கு வெள்ளையடித்திருந்தால், எந்தச் செங்கல் வரிசை என்று வீட்டுக்காரர் காட்டியதை எழுதி, "நேரில் பார்த்தவர் சொன்னது" என்று குறிப்பு போடுங்கள். தடயம் கண்ணுக்குத் தெரிந்தால் "தடயம் உண்டு". ஆள் பெயர், வீட்டு எண் வேண்டாம். இறந்தவர் விவரம் இதில் வேண்டவே வேண்டாம், குடும்பத்தார் தாங்களாகச் சொல்ல விரும்பினால் அது வேறு ஏடு.

தண்ணீர் வராத இடங்களையும் விடாமல் குறியுங்கள். "இங்கே கேட்டோம், வரவில்லை" என்று. கோயில் மேடு, மணல்மேடு, ஒரு தெரு மட்டும் தப்பிய இடம், எல்லாம். அது இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு, அங்கே தண்ணீர் வரவில்லையா அல்லது பிள்ளைகள் அந்தத் தெருவுக்குப் போகவில்லையா என்று தெரியாது. படிவம் ஒன்று செய்து இன்று மாலை அனுப்புகிறேன்.